கோயில் அடைபட்டாலும் மணி ஓயலாகாது

2020-ஆம் ஆண்டின் புனித வாரத்தை எந்தக் குருவும் மறந்திருக்க முடியாது. கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக மார்ச் 25-ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கினால் நாடெங்கும் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்தன. ஏப்ரல் 5-ஆம் நாள் குருத்து ஞாயிறு. ஆண்டுதோறும் அன்று எங்கள் பங்குக் கோயிலின் முற்றம் குருத்தோலைகளால் பச்சைப் பந்தல் போட்டதுபோலக் காட்சி தரும். அந்த ஆண்டோ கோயிலுக்குள் இருந்தவர்கள் இருவரே. பீடத்தில் நான், கீழே உபதேசியார். இருவர் கையிலும் ஒவ்வோர் ஓலை.

பங்கின் இளைஞர் ஒருவர் முந்திய நாளே வந்து, கைப்பேசியை ஒரு தாங்கியில் பொருத்தி, திருப்பலியை வீடுகளுக்கு நேரலையாக அனுப்பும் முறையை எனக்குக் கற்றுத் தந்திருந்தார். அன்று மாலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார். ஞாயிறுதோறும் கோயிலுக்கு வருபவர்களைவிட அது மிகுதியாக இருந்தது. என் மனம் குளிர்ந்தது. என் கடமையை ஒழுங்காகச் செய்துவிட்டதாகவே எண்ணினேன்.

கோயில் மணியை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தேன். வருவார் எவருமில்லாதபோது மணி எதற்கு? அதைக் கேட்டு யாரேனும் புறப்பட்டு வந்துவிட்டால் சிக்கல் அல்லவா? இதுவே என் எண்ணம்.

பாஸ்கா ஞாயிறு ஏப்ரல் 12-ஆம் நாள் கடந்து போயிற்று. நான்கு நாள் கழித்து, அதிகாரிகளின் அனுமதி பெற்று, அரிசியும் பருப்பும் கொடுக்கப் பங்கின் கடைக்கோடித் தெருவுக்குச் சென்றோம். அங்கே கண்பார்வை மங்கிய மூதாட்டி ஒருவர் தனியே குடியிருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். கைப்பேசி இல்லை. என் குரலைக் கேட்டதும் கைகூப்பி எழுந்தார்.

“சாமி, பாஸ்கா எப்போது வருகிறது?” என்று கேட்டார்.

“பாட்டி, பாஸ்கா முடிந்து நாலு நாளாயிற்றே!” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பெரிய வியாழன் வந்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லிற்று. அப்புறம் அதுவும் வரவில்லை. பாஸ்கா அன்று மணி அடிக்கும், அதற்குப் பிறகு ஒருசந்தியை விடலாம் என்று இருந்தேன். மணி அடிக்கவே இல்லையே, சாமி.”

பெரிய வியாழனன்று வானவர் கீதத்தோடு ஓய்கின்ற மணி, பாஸ்கா திருவிழிப்பில் வானவர் கீதம் பாடும்போதுதான் மறுபடியும் ஒலிக்கும் என்பது கத்தோலிக்க மக்கள் அனைவரும் அறிந்த வழக்கம். அந்த மூதாட்டி அதை நம்பியிருந்தார். ஒரு வாரமாக ஒருவேளை உணவோடு, பெரிய வெள்ளிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். உலகமெங்கும் ஆண்டவர் உயிர்த்தெழுந்துவிட்டார். என் பங்கின் கடைசி வீட்டில் மட்டும் அவர் இன்னும் கல்லறையிலேயே இருந்தார். அதற்குக் காரணம் நோயன்று. நான் நிறுத்திய மணி.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. கூட முடியாத காலத்தில் திருச்சபை தன் மக்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் உண்மையாகவே எழுந்தது. விடை தேடிப் பழைய வரலாற்றைப் புரட்டியபோது ஒன்று தெளிவாயிற்று. இந்த நிலை நமக்கு முன்பும் பலருக்கு நேர்ந்திருக்கிறது. அவர்களுள் சிலர் நம்மைவிட நன்றாகவே வழி கண்டிருக்கிறார்கள்.

கூட்டம் என்பதே பெயர்

திருச்சபையைக் குறிக்கும் ‘எக்லேசியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு, அழைக்கப்பட்டுக் கூடிய மக்கள் கூட்டம் என்பது பொருள். கூடுவது நமக்கு வெறும் பழக்கமன்று. அது நம் பெயரிலேயே இருக்கிறது. ஒரே அப்பத்தைப் பிட்டுப் பகிர்வதற்கு ஓரிடத்தில் கூடவே வேண்டும். ஆகவே கோயில் அடைபட்டதை, “வீட்டிலிருந்தே செபித்தால் போதாதா?” என்று எளிதாகத் தள்ளிவிடுவது சரியன்று. பசித்தவனுக்கு உணவின் படத்தைக் காட்டினால் பசி தீராது.

ஆயினும் திருச்சபை பிறந்ததே பூட்டிய கதவுகளுக்குள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. உயிர்த்த நாள் மாலையில் சீடர்கள் அஞ்சிக் கதவுகளை அடைத்துக்கொண்டு இருந்தார்கள் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. ஆண்டவர் அந்தக் கதவுகள் திறக்கும்வரை காத்திருக்கவில்லை. தாமே உள்ளே வந்தார். முடியப்பர் கல்லெறியுண்டு மரித்தபின் எருசலேம் சபை சிதறியது. சிதறிய மக்கள் சென்ற இடமெல்லாம் நற்செய்தியைக் கொண்டு சென்றார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். புனித பவுல் சிறையிலிருந்து கடிதம் எழுதினார். சபை தன்னிடம் வர முடியாதபோது, தான் சபையிடம் செல்ல அவர் கண்ட வழி அது.

இந்த மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒரே பாடம்தான் அடங்கியிருக்கிறது. மக்கள் கோயிலுக்கு வர இயலாதபோது கோயில் மக்களிடம் செல்ல வேண்டும். இதை நடைமுறையில் செய்து காட்டிய மூன்று இடங்களை இங்கே பார்ப்போம்.

மிலான் நகரின் தெருக்கள்

இத்தாலியிலுள்ள மிலான் நகரில் 1576-ஆம் ஆண்டின் கோடையில் கொள்ளைநோய் புகுந்தது. ஆளுநரும் செல்வர் பலரும் நகரைவிட்டு வெளியேறினர். பேராயராக இருந்தவர் கர்தினால் சார்லஸ் பொரோமேயோ. வயது 37. வெளியூர் சென்றிருந்த அவர் செய்தி கேட்டதும் நகருக்குத் திரும்பினார். முதலில் வெறுங்காலோடு, கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தவப் பவனிகளை நடத்தினார். மக்கள் பெருந்திரளாகக் கூடுவதால் நோய் பரவுமே என்று நகர அதிகாரிகள் அஞ்சினர். அந்த அச்சம் காரணமற்றதன்று என்பதை நாம் இன்று அறிவோம்.

இலையுதிர் காலத்தில் நகரம் முழுவதற்கும் ஊரடங்கு ஆணை பிறந்தது. மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. அந்த ஆணையை மீறிக் கோயிலுக்கு வாருங்கள் என்று கர்தினால் அழைக்கவில்லை. அவர் செய்தது வேறு. நாற்சந்திகளில் பீடங்களை எழுப்பச் செய்தார். வீட்டுச் சாளரங்களில் நின்றவாறே மக்கள் திருப்பலி காண அங்கே குருக்கள் பலி நிறைவேற்றினர். நாளுக்கு ஏழு முறை கோயில் மணிகள் ஒலித்தன. ஒவ்வொரு முறையும் அடைபட்ட வீடுகளிலிருந்து மன்றாட்டு மாலையின் பதில்கள் எழுந்தன. ஒரு வீட்டார் மறு வீட்டாரைக் காண முடியாது. ஆனால் ஒருவர் குரலை ஒருவர் கேட்க முடிந்தது. குருக்கள் தெருத்தெருவாகச் சென்று வீட்டு வாயிலிலேயே பாவசங்கீர்த்தனம் கேட்டனர்.

இத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தம் இல்லத்துத் திரைச்சீலைகளையும் கம்பளங்களையும் வெட்டி ஏழைகளுக்கு உடை தைக்கச் செய்தார். வெள்ளிப் பாத்திரங்கள் உணவுக்காகச் செலவாயின. நகருக்கு வெளியேயிருந்த பெரிய நோயகத்தில் கப்புச்சின் துறவிகள் பணிபுரிந்தனர். கர்தினாலும் அங்கே நேரில் சென்று, நோயாளிகளுக்கு அருட்சாதனங்களை வழங்கினார். அந்நோயில் மிலானில் இறந்தவர்கள் சுமார் 17,000 பேர் என்பர். 1578-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரம் நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. கர்தினால் 1584-இல் இறந்தார்; 1610-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மணி, பீடம், ரொட்டி ஆகிய மூன்றும் மிலானில் ஒன்றாகவே சென்றன என்பதைக் கவனியுங்கள். செபத்தை அனுப்பிவிட்டு ரொட்டியை மறக்கவில்லை. ரொட்டியை அனுப்பிவிட்டுச் செபத்தை மறக்கவும் இல்லை. நானோ அடித்துக்கொண்டிருந்த மணியையே நிறுத்தினேன்.

நாகசாகியின் நாள்கணக்கர்

மிலானில் குருக்களாவது இருந்தார்கள். குருவே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

நம் முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார், 1549-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் நற்செய்தியை விதைத்தார். 1614-இல் அந்நாட்டு அரசு கிறிஸ்தவத்தை முற்றிலும் தடை செய்தது. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர், மறைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டனர். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அங்கே குரு ஒருவரும் இல்லை. கோயில் இல்லை, நற்கருணை இல்லை. அந்த நிலை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

நாகசாகியைச் சுற்றியிருந்த உழவரும் மீனவரும் தங்களுக்குள் மூன்று பொறுப்புகளை ஏற்படுத்திக் கொண்டார்கள். ஒருவர் நாள்கணக்கர், திருவிழாக்களும் தவநாள்களும் எப்போது வருகின்றன என்று கணித்துச் சொல்வது அவர் வேலை. மற்றவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பவர். மூன்றாமவர் செய்தி சொல்பவர். அவர் வீடு வீடாகச் சென்று இன்று இன்ன நாள் என்று அறிவிப்பார்.

1865-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள், வெளிநாட்டவருக்கென நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி என்ற சிற்றூரிலிருந்து சிலர் வந்தார்கள். அங்கிருந்த பிரெஞ்சுக் குரு பெத்தீழானிடம், தங்கள் இதயமும் அவருடைய இதயமும் ஒன்றே என்ற கருத்தைத் தாழ்ந்த குரலில் தெரிவித்து, தேவதாயின் சுரூபம் எங்கே என்று வினவினர். ஏழு தலைமுறைக் காலம் குருவைக் காணாத மக்கள் விசுவாசத்தை இழக்கவில்லை. அது தவக்காலம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

இதைப் படித்தபோது என் கடைக்கோடித் தெரு மூதாட்டி என் கண்முன் வந்து நின்றார். எளியவர்களான அந்த உழவர்கள் இருநூறு ஆண்டுகள் நாள்கணக்குத் தவறாமல் காத்தார்கள். எங்கள் பங்கிலோ பக்கத்துத் தெருவுக்கு அந்தக் கணக்கு எட்ட மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. எங்களிடம் கைப்பேசி இருந்தது. வீடு வீடாகச் செய்தி சொல்பவர் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு வந்த பிச்சைக்காரர்

மூன்றாவது இடம் நமக்கு மிக அண்மையில் உள்ளது. அது நம் மொழி பேசும் மண்ணும் ஆகும். 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது கொடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் கைமாறின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கிருந்த மக்கள் குருவின்றி வாழ்ந்தனர்.

1687-இல் ஒரு மெலிந்த மனிதர் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் சென்று சேர்ந்தார். கோவாவின் பெனவுலிம் என்ற ஊரில் 1651-இல் பிறந்த கொங்கணிக் குருவாகிய யோசேப் வாஸ் அவர். எளிய உழைப்பாளியின் உடையில், நோயோடும் பசியோடும், வீட்டுக்கு வீடு பிச்சையெடுத்துத் திரிந்தார். அவர் கழுத்தில் செபமாலை தொங்கியது. அதைக் கண்டு எந்த வீட்டாரின் கண்கள் மலர்கின்றன என்பதைக் கொண்டு, எஞ்சியிருந்த கத்தோலிக்கரை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலையைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டு, இரவு நேரங்களில் வீடுகளில் திருப்பலி நிறைவேற்றினார்.

ஒரு குரு எத்தனை ஊர்களுக்குத்தான் செல்ல முடியும்? ஆகவே ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் பொறுப்பேற்றனர். செபங்களை முன்னின்று நடத்துவதும், குழந்தைகளுக்கு மறைக்கல்வி புகட்டுவதும், சாகக் கிடப்பவரின் அருகிலிருந்து செபிப்பதும் பொதுநிலையினரின் பணியாயின. குரு எப்போதாவது வருவார். சபையோ என்றும் இருக்கும். பின்னர் 1705-இல் இலங்கைக்கு வந்த அருட்தந்தை ஜாக்கோமே கொன்சால்வெஸ், மக்கள் தாமே படித்துச் செபிக்கத் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதிக் கொடுத்தார்.

அருட்தந்தை வாஸ் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் சிறைப்பட்டார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அஞ்சியவர்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். வாஸ் அடிகளும் அவருடைய மருமகனாகிய அருட்தந்தை யோசேப் கார்வாலோவும் கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்றனர். உணவளித்தனர்; புண்களைக் கழுவினர்; இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயாளி எந்தச் சமயத்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. பௌத்தராகிய கண்டி மன்னரும் அத்தொண்டைக் கண்டு மதித்தார். 1711-இல் கண்டியில் மறைந்த அவரை, 2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் கொழும்பு நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

அதே திருத்தந்தைதான் 2020-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் மாலை, மழையில் நனைந்த ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில், நற்கருணையைக் கையிலேந்தி உலகிற்கு ஆசி வழங்கினார். வெறுமையான அந்தச் சதுக்கத்தைக் கண்டு நாமெல்லாரும் கண்ணீர் விட்டோம். ஆனால் கண்ணீரோடு நின்றுவிடலாமா?

நம் பங்குகள் செய்ய வேண்டியவை

பெருந்தொற்று ஒன்றுதான் மக்களைக் கோயிலிலிருந்து பிரிக்கும் என்பதில்லை. புயலும் வெள்ளமும் பிரிக்கும். கலவரமும் போரும் பிரிக்கும். எந்த ஊரடங்கும் இல்லாத நாளிலும் படுக்கையில் கிடக்கும் முதியவரும், அவரை விட்டு அசைய முடியாத மருமகளும், ஞாயிறு விடுமுறை இல்லாத தொழிலாளியும் கூட முடியாதவர்களே. ஆகவே இவற்றை அவசரக் காலத்துக்கு என்று ஒதுக்காமல் இப்போதே தொடங்குவது நல்லது.

முதலாவது, நேரத்தைப் பகிர்தல். எல்லாரும் ஓரிடத்தில் இருக்க முடியாதபோது ஒரே நேரத்திலாவது இருக்கலாம். அந்த மூதாட்டியைச் சந்தித்த மறுநாள் முதல் எங்கள் கோயிலில் மூவேளை செபத்துக்கு மணி அடித்தோம். ஞாயிறன்று வழக்கமான திருப்பலி நேரத்தில் மூன்று மணிகளும் அடித்தோம். யாரும் கோயிலுக்கு வர வேண்டாம், மணி கேட்டதும் அவரவர் வீட்டில் குடும்பமாக மண்டியிடுங்கள் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தோம். இதற்குச் செலவு ஏதுமில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை.

இரண்டாவது, அருட்சாதனமும் இறைவார்த்தையும் வீடு சென்று சேர்தல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, குரு இல்லாமையாலோ வேறு தக்க காரணத்தாலோ ஞாயிறு திருப்பலியில் பங்குபெற இயலாதவர்கள், தனியாகவோ குடும்பமாகவோ சில குடும்பங்கள் சேர்ந்தோ செபத்தில் நேரம் செலவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அவசரத்தில் தக்க கருத்தோடு எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்றும் சொல்கிறது. குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வாய்ப்பில்லாதபோது, இறையன்பினால் எழும் உத்தம மனஸ்தாபமும், வாய்ப்புக் கிடைத்தவுடன் சங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் இருந்தால், பாவ மன்னிப்புக் கிடைக்கும் என்பதைத் திருப்பீடம் 2020 மார்ச் 20-ஆம் நாள் வெளியிட்ட குறிப்பில் மறுபடியும் நினைவூட்டியது. இவை புதிய போதனைகள் அல்ல. நாம்தான் மக்களுக்குப் போதிய அளவு சொல்லிக் கொடுக்கவில்லை. தந்தையரும் தாய்மாரும் சாகக் கிடப்பவரருகே உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லப் பழகியிருக்கிறார்களா? ஒவ்வொரு பங்கும் இதைத் தன்னையே கேட்டுக் கொள்ளட்டும்.

நேரலைத் திருப்பலியை நான் குறை கூறவில்லை. நோயில் கிடந்த பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதை ஒருபோதும் சொல்லாது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை எண்ணி மகிழ்வது மேய்ப்பனின் வேலையாகாது.

மூன்றாவது, உடலின் தேவை. ஊரடங்கின் இரண்டாம் வாரத்திலேயே எங்கள் ஊரின் கட்டட வேலைக்கு வந்திருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் உணவின்றித் தவித்தார்கள். அவர்களுள் கிறிஸ்தவர் ஒருவருமில்லை. பங்கின் பெண்கள் பள்ளிச் சமையற்கூடத்தில் முறைவைத்துச் சமைத்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, ஆயர் புனித சிப்ரியான், நம்மவருக்கு மட்டும் உதவுவது பெரிதன்று, பிறருக்கும் உதவுங்கள் என்ற கருத்தில் தம் மக்களை ஏவினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. சோறு போக, மருந்து வாங்கித் தருவதும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், ஒருநாள் விட்டு ஒருநாள் வாசலில் நின்று குரல் கொடுப்பதும் இதனுள் அடங்கும். இவற்றையெல்லாம் மருத்துவர் கூறும் விதிகளுக்கு உட்பட்டே செய்ய வேண்டும். பிறருக்கு நோயைக் கொண்டு செல்லும் துணிச்சலை விசுவாசம் என்று அழைக்கலாகாது.

இம்மூன்றும் நடைபெற வேண்டுமானால் குருவால் தனியே ஆகாது. இதுதான் நான் கற்ற முக்கியமான பாடம். மிலானில் தெருக்களை அறிந்த குருக்கள் இருந்தார்கள். நாகசாகியிலும் யாழ்ப்பாணத்திலும் பொறுப்பேற்ற பொதுநிலையினர் இருந்தார்கள். எங்கள் பங்கில் குடும்பப் பதிவேடு இருந்தது. ஆனால் அது அலமாரிக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்தோம். தெருவாரியாகப் பிரித்தோம். அன்பியங்களின் மூலம் ஐந்து அல்லது ஆறு வீட்டுக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்தோம். தனியே வாழ்பவர், கர்ப்பிணிகள், தொடர்ந்து மருந்துண்பவர், கைப்பேசி இல்லாதவர் என்று நான்கு பட்டியல்கள் எழுதினோம். நான்காம் பட்டியல்தான் மிக நீளமாக இருந்தது. அந்த வீடுகளுக்கு ஞாயிறு நற்செய்தியும் ஒரு குடும்பச் செபமும் அச்சிட்ட தாளைக் கொடுத்தோம். எழுத்தறியாதவர்களுக்குப் பொறுப்பாளரே வாசலில் நின்று படித்துக் காட்டினார்.

அந்த மூதாட்டிக்குப் பொறுப்பாளராக அமைந்தவர், அதே தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி. நாள்தோறும் காலையில் அவர் அங்கே சென்று, “பாட்டி, இன்று இன்ன நாள்” என்று சொல்லிவிட்டுத்தான் தம் தையல் இயந்திரத்தில் உட்காருவார். தாம் ஜப்பானிய நாள்கணக்கரின் பணியைச் செய்வது அவருக்குத் தெரியாது.

இறுதி மணி

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒருநாள் மாலை அந்தச் சகோதரியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மூதாட்டிக்கு மூச்சுத் திணறுகிறது, உடனே வாருங்கள் என்றார். அப்போது நான் பங்கின் மறுகோடியில் வேறொரு நோயாளியின் வீட்டில் இருந்தேன். விரைந்து சென்றும் பத்து நிமிடம் பிந்திவிட்டேன். உயிர் பிரிந்திருந்தது.

என் முகத்தைக் கண்ட அந்தச் சகோதரி, என்னைத் தேற்றுவதுபோல் பேசினார்: “மனஸ்தாப மந்திரத்தை நான் சொன்னேன், சாமி. பாட்டி கூடவே சொன்னார்கள். செபமாலையைக் கையில் கொடுத்தேன். ஆறரைக்கு உபதேசியார் மூவேளை மணி அடித்தார். அது கேட்கிறதா என்று கேட்டேன். தலையசைத்தார்கள். அப்புறம் அமைதியாகப் போய்விட்டார்கள்.”

முப்பது ஆண்டுகளாகக் குருவாக இருக்கிறேன். மரணப் படுக்கைகள் பலவற்றின் அருகே நின்றிருக்கிறேன். அன்று நான் செய்ய வேண்டியதை ஒரு தையற்காரச் சகோதரி செய்திருந்தார். நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனத்தை அவரால் கொடுக்க இயலாது. அது கிடைக்காமற் போனது எனக்கு இன்றும் வருத்தமே. ஆனால் அந்த மூதாட்டி தனியே சாகவில்லை. ஏப்ரல் மாதத்தில் அவர் இறந்திருந்தால் தனியேதான் இறந்திருப்பார்.

இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற அப்போதைய விதியின்படி அடக்கம் நடந்தது. மற்றவர்கள் தத்தம் வாசலில் நின்றார்கள். கல்லறைத் தோட்டம்வரை துக்க மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வீடு செபமாலைச் சத்தம் கேட்டது. மிலானின் தெருக்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று ஓரளவு உணர்ந்தேன்.

வாசக அன்பர்களே, இன்று கோயில்கள் திறந்திருக்கின்றன. ஞாயிறுதோறும் கூடுகிறோம், அதற்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவோம். ஆனால் உங்கள் தெருவில் இன்னும் கூட முடியாதவர் ஒருவராவது இருப்பார். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் வாசலில் சற்று நில்லுங்கள். இன்று வாசிக்கப்பட்ட நற்செய்தியைச் சொல்லுங்கள். அவருக்கு நற்கருணை வேண்டுமா என்று கேட்டு உங்கள் பங்குத் தந்தைக்குத் தெரிவியுங்கள். வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மறுபடியும் ஒருநாள் கதவுகள் அடைபட நேர்ந்தால், யாரிடம் முதலில் செல்ல வேண்டும் என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இத்தனையும் செய்தாலும் பங்குத் தந்தையர்க்கு ஒரு வேலை மீதமிருக்கிறது. என்ன நேர்ந்தாலும் மணியை நிறுத்தாதீர்கள்.